நகம் மூச்சு விடுறதில்லை

நகம் மூச்சு விடுறதில்லை. இத முதல்ல சொல்லிட்டு மத்தக் கதைக்குப் போவம்.

வெளியில தெரியிற நகம் உயிரில்லாத ஒரு தகடு. தலைமுடி எந்தக் கெரட்டின் புரதத்தால ஆனதோ, நகமும் அதால ஆனதுதான். கைநகம் மாசத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளருது. அப்பிடி வளர்றதுக்கு வேண்டிய ஒட்சிசனும் சத்தும் நகத்துக்குக் கீழ ஓடுற இரத்தத்தில இருந்து வருது. வெளிக்காற்றுக்கு அதில ஒரு பங்கும் இல்ல. அப்ப, "மூச்சு விடும் கியூட்டெக்ஸ்" எண்டு போத்தல்ல எழுதி விற்கிறாங்களே, என்னத்த விற்கிறாங்க?

கியூட்டெக்ஸ் போடலாமா கூடாதா எண்டு தீர்ப்புச் சொல்றதுக்காக நாங்க இத எழுதல்ல. நாங்க கலைப்பீடத்துப் புள்ளைகள். எங்களுக்குள்ள முஃப்தியும் இல்ல, இரசாயனவியலாளரும் இல்ல. கியூட்டெக்ஸ் போடுற ஆக்களும் இருக்கம், போடாத ஆக்களும் இருக்கம், தம்பிமாரும் இருக்காங்க. ஆனா கல்முனை பஸார்ல இருந்து அக்கரைப்பற்று வரைக்கும், ஃபேன்சி கடையிலயும் ஃபேஸ்புக் லைவ்லயும், சாதாரண போத்தலை விடக் கூடின விலைக்கு எங்கட ராத்தாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு போத்தல் நீட்டப்படுது. "ஹலால்", "மூச்சு விடும்", "வுழூவுக்கு ஏற்றது" எண்ட மூணு வார்த்தையும் அதில ஒண்டாச் சேர்ந்து வருது. இந்த மூணும் மூணு வேற வேற கேள்விகளுக்கான பதில். முதல் ரெண்டுக்குப் பதில் வெச்சிக்கொண்டு மூணாவத விற்கிறாங்க. எங்கட வழக்கு இதுதான்.

போத்தலுக்குள்ள என்ன இரிக்கு?

எங்கட ஊர்கள்ள நகப்பூச்சு எண்டாலே கியூட்டெக்ஸ்தான். அது ஒரு கம்பனிட பேர் எண்டதே பல பேருக்கு மறந்து போச்சு. 1911ல அமெரிக்காவில அந்தப் பேர்ல முதல்ல வந்தது நகப்பூச்சு கூட இல்ல. நகத்தைச் சுத்தியிருக்கிற தோலை இளக வைக்கிற ஒரு திரவம். நிறப்பூச்சு பொறகுதான் வந்தது. 1920கள்ல கார்களுக்குப் பூசத் தொடங்கின மினுமினுப்பான பெயின்ற்றிட இரசாயனம்தான் நகத்துக்கும் இறங்கி வந்தது. ரெவ்லோன் கம்பனி 1932ல நகப்பூச்சோடதான் கடை திறந்திச்சு.

அந்தப் பெயின்ற்றுக்கும் இந்தப் பூச்சுக்கும் பொதுவான சாமான் நைத்திரோசெலுலோசு. பஞ்சில இருக்கிற செலுலோசை நைத்திரிக் அமிலத்தோட தாக்கம் புரிய வெச்சி எடுக்கிறது. வெடிமருந்தாகவும் பாவிச்சாங்க, பழைய சினிமாப் பட ரீலையும் இதாலதான் செஞ்சாங்க. எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் மாதிரி லேசா ஆவியாகிற திரவங்கள்ள இதக் கரைச்சி, நல்லா ஒட்டிப் பிடிக்க இன்னொரு செயற்கைப் பல்பகுதியத்தையும், வெடிக்காம வளைஞ்சி குடுக்க ஒரு மென்மையாக்கியையும், நிறத்தையும் சேர்த்தா கியூட்டெக்ஸ். போத்தலைத் திறந்தா மூக்கில ஏறுற வாசம் அந்தத் திரவங்கள்ட. அது ஆவியாகிப் போக, நகத்தில மிஞ்சுறது ஒரு படலம். மெல்லிய, தொடர்ச்சியான, ஓட்டையில்லாத படலம்.

ஏ/எல்லில இரசாயனம் படிச்ச ஆக்களுக்கு "பல்பகுதியம்" எண்ட சொல் தெரியும். மத்தவங்களுக்கு மருதமுனையால விளங்கப்படுத்தலாம். கைத்தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடுறது ஏன்? கஞ்சியில இருக்கிற மாப்பொருள் ஒரு இயற்கைப் பல்பகுதியம். அது காய்ஞ்சா நூலைச் சுத்தி ஒரு படலம் பிடிக்கும். நூல் பிசிறாது, தறியில அறுந்து போகாது. பெரிய ஆலைகள்ள அந்த வேலைக்குப் பொலிவைனைல் அற்ககோலையும் பாவிக்கிறாங்க. முகத்தில பூசிக் காயவெச்சி உரிச்செடுக்கிற மாஸ்க்ல படலமாக நிக்கிறதும் பெரும்பாலும் அந்தப் பொலிவைனைல் அற்ககோல்தான். நூலோ, முகமோ, நகமோ, நடக்கிற வேலை ஒண்டு: கரைசலாப் போடு, காய விடு, படலம் மிஞ்சும்.

வுழூவுக்குப் பிரச்சினையாகிறது இந்தப் படலம்தான். கழுவ வேண்டிய உறுப்பில தண்ணி படணும், தண்ணியைத் தடுக்கிற ஒண்டும் மேல இருக்கக் கூடாது. ஓதப் போற வயசிலயே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் இது. காலில ஒரு நக அளவு இடம் நனையாம விட்டவரைத் திரும்பிப் போய் ஒழுங்கா வுழூச் செய்யச் சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம்ல இரிக்கு. மருதோண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லாததும் இதாலதான். மருதோண்டிச் சாயம் கெரட்டினுக்குள்ள ஊறி அதோட பிணைஞ்சிடுது. அரைப்பைக் கழுவிட்டா மேல ஒண்டும் மிஞ்சாது, நிறம் மட்டும் இருக்கும். ஒண்டு சாயம், மத்தது படலம். உம்மம்மாமாருக்கு இந்த வித்தியாசம் பல்பகுதியம் எண்ட சொல் இல்லாமலே தெரியும்.

"மூச்சு" எங்கேயிருந்து வந்திச்சு?

போலந்து நாட்டில இங்லொட் எண்டு ஒரு கம்பனி. அதத் தொடங்கின வொய்சியெக் இங்லொட் ஒரு இரசாயனவியலாளர். ஒட்சிசனும் நீராவியும் ஊடுருவிப் போகக்கூடிய ஒரு நகப்பூச்சை அவர் சந்தைக்குக் கொண்டு வந்தார். புதுவகைக் கொன்டக்ட் லென்ஸ்கள்ள பாவிக்கிற மாதிரியான பல்பகுதியம் அதில இருக்கிறதாச் சொல்லப்பட்டிச்சு. முஸ்லிம் பெண்களை நினைச்சிச் செஞ்சதில்ல அது. நகத்துக்குக் கேடு குறைஞ்ச பூச்சு எண்டுதான் வந்தது. 2012 கடைசியில கலிபோர்னியாவில முஸ்தபா உமர் எண்ட மார்க்க அறிஞர் அத வாங்கி, கோப்பி வடிகட்டுற தாள்ல பூசிப் பார்த்தார். பக்கத்தில இன்னொரு தாள்ல சாதாரண பூச்சு. காய்ஞ்ச பொறகு தண்ணியை விட்டு லேசா அமத்தினா, இங்லொட் பூசின தாளால தண்ணி கீழ இறங்கிச்சு, மத்ததில இறங்கல்ல. அவர் அத எழுத, உலகம் முழுக்கச் செய்தி பரவிச்சு. 2013 தொடக்கத்தில இங்லொட் காலமானார். ஆனா அவர் திறந்து விட்ட சந்தை நிக்கல்ல. 2017ல அமெரிக்காவில ஓர்லி கம்பனி "ஹலால்" எண்ட பேரையே வெச்சி ஒரு வரிசை நகப்பூச்சை இறக்கிச்சு. பொறகு எத்தனையோ நாட்டில எத்தனையோ பேர். இண்டைக்கு எங்கட கடைத்தெருவுக்கு வாற போத்தல்கள்ள சிலதில செஞ்ச கம்பனிட விலாசம் கூட ஒழுங்காக இல்ல.

இப்ப அந்தக் கொன்டக்ட் லென்ஸ் கதைக்கு வருவம். கண்ணிட கருவிழிக்கு மேல இருக்கிற தெளிவான பகுதியில இரத்தக் குழாய் இல்ல. அதுக்கு வேண்டிய ஒட்சிசனில பெரும் பங்கு நேரா வெளிக்காற்றில இருந்துதான் வரணும். அதால லென்ஸுக்கு "மூச்சு விடும்" எண்ட சொல் பொருத்தம். ஒட்சிசன் போகாட்டிக் கண் பழுதாகும். அதே சொல்லை நகத்துக்குத் தூக்கி வந்தா அது வெறும் பேச்சு. கண்ணுக்கு உண்மையா இருந்த ஒரு வார்த்தையக் கடன் வாங்கி நகத்தில ஒட்டிட்டாங்க.

இதில இன்னொரு விசயமும் இரிக்கு. ஒட்சிசன் போற வழியால தண்ணியும் போகும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. சிலிக்கோனைப் பாருங்க. ஒட்சிசன் மிக லேசா ஊடுருவிப் போற பொருள்கள்ள அது ஒண்டு. அதனாலதான் புது லென்ஸ்கள்ள அதச் சேர்க்கிறாங்க. அதே சிலிக்கோன் மேல தண்ணியை ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடும். ஆகவே "ஒட்சிசன் ஊடுருவும்" எண்டு ஒரு கம்பனி காட்டுற சான்று, வுழூவைப் பொறுத்தவரைக்கும் சும்மா ஒரு தாள்.

"சரி, நீராவி போகுதே?" எண்டு கேப்பாங்க. நீராவி வேற, தண்ணி வேற. நீராவி போறது தனித்தனி மூலக்கூறா, பல்பகுதியச் சங்கிலிகளுக்கு இடையால நுழைஞ்சி. ஓடுற தண்ணி நனைச்சிக்கொண்டு போறதுக்கு நுண்துளையோ, தண்ணியை உறிஞ்சுற தன்மையோ வேணும். மண்பானை வேர்க்கிறது நுண்துளையால. நல்ல மழைக்கோட் ஒண்டு உள்ளுக்குள்ள இருக்கிற வேர்வை ஆவியை வெளிய விடும், மழைத்தண்ணியை உள்ள விடாது. அந்த மழைக்கோட்டும் "மூச்சு விடும்" எண்டுதான் விற்குது. அதப் போட்டுக்கொண்டு ஒராள் குளிச்சிட்டு, உடம்பு நனைஞ்சிட்டு எண்டு சொன்னா நாங்க நம்புவமா?

கோப்பித் தாளும் உண்மையான நகமும்

முஸ்தபா உமர் செஞ்சத நாங்க நக்கலடிக்க மாட்டம். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு "விடுங்க புள்ள, போடாதீங்க" எண்டு முடிக்காம, தாளை எடுத்துப் பரிசோதிச்ச ஆள் அவர். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண பூச்சையும் வெச்சார். எங்கட பக்கம் அந்தளவு கூட ஒருத்தரும் செய்யல்ல. ஆனா அந்தப் பரிசோதனை சொல்றது கொஞ்சம்தான், அதில இருந்து கறந்தெடுத்த விளம்பரம்தான் மிச்சம்.

தாள் கரடுமுரடானது, நாரும் இடைவெளியுமா இருக்கும். அதில பூசின படலம் எல்லா இடத்திலயும் மூடியிருக்கும் எண்டில்ல. நகம் வழுவழுப்பான தகடு. அதில படலம் ஒழுங்காப் படியும். பொறகு தடிப்பு. தண்ணி படலத்துக்குள்ளால மெல்ல மெல்லப் பரவிப் போகுது எண்டு வெச்சிக்கொண்டா, தடிப்பு ரெண்டு மடங்கானா மறுபக்கம் போய்ச் சேர எடுக்கிற நேரம் ஏறத்தாழ நாலு மடங்காகும். நாங்க எப்பிடிப் பூசுறம்? அடிப்பூச்சு ஒண்டு, நிறம் ரெண்டு தரம், மினுமினுக்க மேல்பூச்சு ஒண்டு. அடிப்பூச்சும் மேல்பூச்சும் பெரும்பாலும் வேற கம்பனிட சாதாரண பூச்சு. ஒரு தரம் பூசிச் செஞ்ச பரிசோதனையிட பேர்ல நாலு தரம் பூசின நகத்தை விற்கிறது எப்பிடி நியாயம்?

அதோட நேரம். வுழூவில கைக்குத் தண்ணி படுறது சில நொடி. ஒரு மணித்தியாலம் ஊறினாத் தண்ணி போகும் எண்டு ஒரு போத்தல் நிரூபிச்சாலும் அது தொழுகைக்கு உதவாது. கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: இத்தனை பூச்சு பூசின நகத்தில, சாதாரணமாக் கழுவுற நேரத்துக்குள்ள, தண்ணி நகத்தைத் தொடுதா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதின போத்தல் ஒண்டை எங்கட கடைகள்ள நாங்க இன்னும் காணல்ல.

பரிசோதனைட பெறுமதி அம்பாறை மாவட்டத்து ஆக்களுக்குத் தெரியாத ஒண்டா? 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறை நகரத்தில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, கறிக்குள்ள கிடந்த ஒரு மாக்கட்டியை "மலட்டு மாத்திரை" எண்டாங்க. கடையை உடைச்சாங்க, பள்ளிவாசலைத் தாக்கினாங்க. பொறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதிச்சி, அது மாப்பொருள்தான் எண்டு அறிக்கை குடுத்திச்சு. பொய்யான இரசாயனம் ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் எண்டு பட்டறிஞ்ச ஆக்கள் நாங்க. அப்பிடிப்பட்ட நாங்களே எங்கட பெண்களுக்கு விற்கிற சாமானில பரிசோதனை இல்லாத ஒரு வார்த்தையை நம்பச் சொன்னா எப்பிடி?

"ஹலால்" எண்ட சொல்லிட விலை

2013ல ஹலால் இலச்சினைக்கு எதிரா பொது பல சேனா கிளப்பின புயல் எங்கள்ள பல பேருக்குப் பள்ளிக்கூட வயசு ஞாபகம். கடையில பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பார்க்கவே கூச்சப்பட்ட காலம். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தச் சான்றிதழ் வேலையை விட்டுக் குடுக்க வேண்டி வந்திச்சு. 2014ல இருந்து அதுக்கெண்டு தனி அமைப்பு ஒண்டு செய்யுது. அந்தச் சொல்லைக் காப்பாத்த இந்தச் சமூகம் பட்ட பாடு கொஞ்சமில்ல.

அந்தப் பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருந்திச்சு. ஹலால் சான்றிதழ் எண்டா ஒருத்தர் போய்ச் சேர்மானத்தைப் பார்த்திரிக்கார், தொழிற்சாலையைப் பார்த்திரிக்கார், கையெழுத்துப் போட்டிரிக்கார். நகப்பூச்சிலயும் அப்பிடிப் பார்க்க நியாயமான விசயங்கள் இரிக்கு. சிவப்பு நிறத்துக்குச் சில நேரம் பூச்சியில இருந்து எடுக்கிற கார்மைன் சேர்ப்பாங்க. முத்து மினுக்கத்துக்கு மீன் செதிளில இருந்து எடுக்கிற குவானின் சேர்ப்பாங்க. இதெல்லாம் சேர்மானம் பற்றின கேள்வி. வுழூ பற்றின கேள்வி அதில்ல. சேர்மானம் முழுக்க ஹலாலான ஒரு பூச்சு, பொலித்தீன் மாதிரித் தண்ணியை அடைச்சிக்கொண்டும் நிக்கலாம். சுத்தமான தேன்மெழுகும் ஹலால்தான். அத நகத்தில உருக்கி ஊத்தினாத் தண்ணி போகுமா?

"ஹலால்" எண்டா உடம்புக்கும் நல்லது எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லணும். கலியாண சீசன்ல ஓடுற ஜெல் நகப்பூச்சு, மெதக்ரிலேட் வகைச் சேர்மானங்களைப் புறஊதா விளக்கில காட்டி இறுக்கிற படலம். அதில ஹெமா எண்ட சேர்மானம் தோல்ல பட்டுப் பட்டு ஒவ்வாமை வாறதால, ஐரோப்பிய ஒன்றியம் 2021ல இருந்து அதத் தொழில்முறை ஆக்கள் மட்டும் பாவிக்கலாம் எண்டு கட்டுப்படுத்திச்சு. விளக்கில இறுக வைக்க உதவுற டிபிஓ எண்ட இன்னொரு சேர்மானத்தை 2025 செப்டம்பர் 1ல இருந்து தடையே செஞ்சிட்டுது. எங்கட ஊர்ல வீட்டில இருந்து ஜெல் போட்டுக் குடுக்கிற தங்கச்சிமாருக்கு இத ஆர் சொல்லிக் குடுத்தாங்க?

பயானில வாற விரல்

இவ்வளவும் வியாபாரிக்கு. இனி மிம்பர் பக்கம்.

பெண்கள்ட நகத்தைப் பற்றிப் பயான் கேக்காத புள்ள எங்கட ஊர்கள்ள இல்ல. அந்தப் பயான்ல சொல்ற சட்டத்தோட எங்களுக்குச் சண்டை இல்ல. படலம் தண்ணியை மறைச்சா வுழூ சேராது எண்டதுதான் பாடம் எண்டா, அத எல்லாப் படலத்துக்கும் சொல்லுங்க எண்டுதான் கேக்கிறம்.

தண்ணி பட்டாலும் அழியாத மஸ்காராவில அக்ரிலேட் வகைப் பல்பகுதியம் படலமா நிக்குது. ஷாஃபி மத்ஹபில இமை முடியும் கழுவ வேண்டிய இடம். நாள் முழுக்க நிக்கிற லிப்ஸ்டிக்லயும் ஃபவுண்டேஷன்லயும் சிலிக்கோன் சார்ந்த படலம். கடலில இறங்கினாலும் கழுவுப்படாத சன்ஸ்கிரீன்லயும் படலம் ஆக்கிற பல்பகுதியம் சேர்த்திருப்பாங்க. அத ஆம்பிளைகளும் பூசுறாங்க. முடிக்குப் போடுற ஜெல்லையும் ஸ்பிரேயையும் எடுங்க. 1930கள்ட கடைசியில ஜெர்மனியில கண்டுபிடிச்ச பிவிபி எண்ட பல்பகுதியம், ரெண்டாம் உலகப் போர்ல இரத்தத் திரவத்துக்குப் பதிலாக் காயம்பட்ட ஆக்களுக்கு ஏத்தப்பட்டது; போர் முடிஞ்ச பொறகு ஹெயார் ஸ்பிரேக்குள்ள வந்திச்சு. அது தண்ணியில கரையும், பெரிய பிரச்சினை இல்ல. ஆனா சில அக்ரிலேட் ஜெல் ஷாம்பு போட்டாத்தான் இறங்கும். வுழூவில தலையில ஒரு பகுதியைத் தடவினாலே போதும் எண்டு தம்பிமார் தப்பிக்கலாம். கடமையான குளிப்பில முடி முழுக்க நனையணுமே, அதுக்கு? ஆம்பிளைட முடி ஜெல் பற்றி ஒரு ஜும்ஆவில எங்கட ஆக்கள் யாராவது கேட்டிருக்காங்களா? பெயின்ற் பாஸ்மார்ட கையில காய்ஞ்ச பெயின்ற், ஃபைபர் போட் திருத்துற காக்காமார்ட விரல்ல இறுகின பிசின், எல்லாம் இதே குடும்பத்துப் படலம்தான். அங்க கதைக்கிற தொனி வேற. "தொழில் செய்ற ஆள், முடிஞ்சளவு உரசிக் கழுவுங்க" எண்டு அன்பாச் சொல்றம். நகத்துக்கு வந்தா அதே சட்டம் திட்டா மாறிடுது.

இதில பெண் புள்ளைகளுக்கு இன்னொரு பாரம் இரிக்கு, அதப் பத்தி ஆரும் வாய் திறக்கிறல்ல. தொழுகை இல்லாத நாள்கள்ள மட்டும் கியூட்டெக்ஸ் போடு எண்டுதான் வீட்டில பழக்கி வெச்சிருக்காங்க. அப்ப ஒரு புள்ளைட கையில நிறம் தெரிஞ்சா என்ன அர்த்தம்? ஹொஸ்டல்ல, வகுப்பில, கலியாண வீட்டில, வாப்பாக்கும் காக்காமாருக்கும் முன்னால, இவளுக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல எண்டு பத்து விரலும் அறிவிச்சிக்கொண்டு நிக்குது. நிறம் அழிஞ்சா, குளிச்சிட்டாள். இவ்வளவு அந்தரங்கமான ஒரு விசயத்தை விரல் நுனியில எழுதி வெச்சித் திரிய வேண்டியிருக்கு. "வுழூவுக்கு ஏற்ற" போத்தலுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததுக்கு மினுக்கிற ஆசை மட்டும் காரணமில்ல. எந்த நாளும் போடலாம் எண்டா ஆரும் கணக்குப் பார்க்க ஏலாது. அந்த நிம்மதிக்குத்தான் எங்கட புள்ளைகள் சல்லி குடுக்கிறாங்க. வியாபாரி அந்த வலியை விளங்கிக்கொண்டு விலை போட்டிருக்கார். மிம்பர்ல இருக்கிற ஆக்களுக்கு அது இன்னும் விளங்கல்ல.

"நாடு இருக்கிற நிலைமையில இது ஒரு பிரச்சினையா?" எண்டு கேக்கிறவங்க இருப்பாங்க. அஞ்சு நேரத் தொழுகை சேருதா இல்லையா எண்டது ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சின்ன விசயம் எண்டு நினைக்கிற ஆள்தான் இந்தக் கேள்வியக் கேக்க ஏலும். ஒரு புள்ளை போத்தல்ல எழுதியிருக்கிறத நம்பி மாசக்கணக்காத் தொழுதிட்டு, பொறகு அது பொய் எண்டு கேள்விப்பட்டா அவட மனசு என்ன பாடுபடும்? அந்தப் பாரத்தைக் கடைக்காரர் சுமப்பாரா?

"அப்ப போடாம விடுறதுதானே" எண்டது அடுத்த பேச்சு. விடுற ஆக்கள் விடட்டும், அது அவங்கட தெரிவு. ஆனா அந்தத் தெரிவைக் கூட உண்மை தெரிஞ்சி செய்யணும். ஏமாந்து போடுறதும் வெருட்டலுக்குப் பயந்து விடுறதும் தெரிவில்ல.

நாங்க என்ன கேக்கிறம்?

வேலை பெரிசில்ல. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில ஒலுவில்ல இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் இரிக்கு. சம்மாந்துறையில பிரயோக விஞ்ஞான பீடம் இரிக்கு. ரெண்டுக்கும் இடையில ஒரு பஸ் பயணம்தான். கடைகள்ள விற்கிற போத்தல்களை வாங்கி, வெட்டின நகத்தில ஒரு பூச்சு, ரெண்டு பூச்சு, நாலு பூச்சு பூசி, வுழூவுக்குத் தண்ணி படுற நேரத்தை மட்டும் குடுத்து, தண்ணி பட்டா நிறம் மாறுற ஒரு பொருளை அடியில வெச்சிப் பார்க்கலாம். பக்கத்தில சாதாரண கியூட்டெக்ஸ் ஒண்டு, ஒண்டும் பூசாத நகம் ஒண்டு. ஒரு இறுதியாண்டு மாணவிட ஆய்வுக்குக் காணும். முடிவு எதுவா வந்தாலும் நல்லது. போகுது எண்டா, எந்தப் போத்தல், எத்தனை பூச்சு எண்டு சொல்லலாம். போகல்ல எண்டா, ஏமாத்து நிக்கும். அந்த மேசையில மார்க்கம் படிச்ச பெண்களும் இருக்கணும். நகம் ஆர்டயோ, அவங்களும் கதைக்கணும்.

உலமா சபைட பிராந்தியக் கிளைகளிட்ட நாங்க கேக்கிறது, தீர்ப்புக்கு முன்னால ஒரு பரிசோதனை அறிக்கை. கறுப்பா வெள்ளையா எண்டு ஒரு வரியில முடிக்காம, எந்த வகைப் படலத்துக்கு என்ன சட்டம் எண்டு விளங்கப்படுத்துங்க. கேள்வியோட வாற புள்ளையத் திட்டி அனுப்பாதீங்க.

வியாபாரிமாரிட்டயும் ஒண்டு. 2003ம் ஆண்டின் 9ம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், வாங்குறவரைப் பிழையா வழிநடத்துற வியாபாரத்தைத் தடை செய்யுது. "வுழூவுக்கு ஏற்றது" எண்டதும் ஒரு வாக்குறுதிதான். அதுக்கு ஆதாரம் காட்ட ஏலாட்டி, அந்த வரியை எடுத்திட்டு நிறத்தை மட்டும் விற்றுப் பாருங்க. அதிகார சபைட 1977 எண்ட இலக்கம் அரிசி, சீனி விலைக்கு மட்டும் உள்ளதில்ல.

அது வரைக்கும் நேர்மையான வழி ஒண்டு சந்தையில இரிக்கு. நீரை அடிப்படையாக் கொண்ட பூச்சுகள்ள சிலதை, காய்ஞ்ச பொறகு முழுசா உரிச்செடுக்கலாம். படலத்தை ஒளிக்காம, "நான் படலம், வுழூவுக்கு முன்னால கழட்டிடு" எண்டு சொல்ற சாமான் அது. ரிமூவரும் அசிட்டோனும் வேண்டாம். விழாவுக்குப் போட்டு, பாங்கு சொன்னா உரிச்சி, குப்பைத் தொட்டியில போடலாம். தொட்டியில எண்டு சொல்றது வேணுமெண்டுதான். அதுவும் பிளாஸ்டிக், வோஷ் பேசினால போனாக் கடலுக்குத்தான் போகும். ஒவ்வொரு தொழுகைக்கும் உரிச்சிப் பூசிக்கொண்டிருக்க ஏலாது எண்டது மெய். பத்து விரலும் கணக்குச் சொல்ற அந்தச் சங்கடத்தையும் இது தீர்க்காது. அது படலத்தால வந்த சங்கடமில்ல. பெண் புள்ளைட விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்கட கண்ணால வந்தது. அதுக்கு எந்தப் பல்பகுதியமும் மருந்தில்ல. பார்க்கிறத நாங்க விடணும்.

அடுத்த தரம் கடையில "மூச்சு விடும்" போத்தல் ஒண்டை நீட்டினா, விலை கேக்க முதல் மூணு கேள்வி கேளுங்க. போறது ஒட்சிசனா, நீராவியா, தண்ணியா? எத்தனை பூச்சில பரிசோதிச்சது? எத்தனை நொடியில போச்சுது? பதில் இல்லாட்டிப் போத்தலைத் திருப்பி வெச்சிட்டு வாங்க. அந்தக் கேள்விகளைப் பக்கத்தில நிக்கிற ராத்தாக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாக் கேளுங்க.